பிடரியில் கை வைத்துப் பாருங்கள்

குளிர்காலத்தில், அதுவும் மழை விடாமல் பெய்கிற நாட்களில், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியூர் போக வேண்டியவர்கள் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதியைப் படித்ததும் உடனே போன் போட்டுப் பதில் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. குழந்தைகள் வார்டில் 31 வருடம் நர்ஸாக இருந்தவள் நான். கடிதத்தைக்கூட கேஸ் ஷீட் படிப்பதுபோலத்தான் படிக்கிறேன். குழந்தைக்கு எத்தனை மாதம் என்று முதலில் பார்ப்பேன். பிறகு எவ்வளவு தூரம், எதில் போகிறார்கள் என்று பார்ப்பேன். இந்த முறை முதல் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. எல்லோருக்கும் வேண்டியது அதில் இருப்பதால் சுருக்க மனம் வரவில்லை.

*

சிஸ்டர், என் மகனுக்கு நாலு மாதம். கணவருக்கு வேலை மாற்றலாகிவிட்டது. ஏழு மணி நேரம் ரயில், அதன் பிறகு ஒரு மணி நேரம் கார். போகிற இடத்தில் இரவில் 8 டிகிரி, மழை வேறு. “அஞ்சு சட்டை போட்டுக் கூட்டிட்டுப் போ” என்கிறார் மாமியார். “ஒண்ணு போதும், குழந்தைக்கு வேர்க்குது பார்” என்கிறார் கணவர். இருவருக்கும் நடுவில் நான். எத்தனை சட்டை போடுவது?

அந்த நேரத்தில், அந்த இடத்தில், எத்தனை அடுக்குத் துணி இருந்தால் உங்களுக்குச் சுகமாக இருக்கிறதோ அதைவிட ஒன்று கூடுதலாகக் குழந்தைக்குப் போடுங்கள். ரயில் பெட்டிக்குள் நீங்கள் ஒரு சட்டையோடு உட்கார்ந்திருந்தால் அவனுக்கு இரண்டு. இறங்கும்போது நீங்கள் சட்டை, ஸ்வெட்டர், மேலே கோட்டு என்று போட்டால் அவனுக்கு நாலு. ஆக ஒரே பயணத்தில் உங்கள் கணவர் சொல்வது சரியாகும் நேரமும் வரும், மாமியார் சொல்வது ஏறக்குறைய சரியாகும் நேரமும் வரும். வீட்டில் கிளம்பும்போது போட்டதை ஊர் போய்ச் சேரும்வரை அப்படியே விட்டுவிடுவதுதான் தவறு.

மாமியாரின் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு நம்முடையதைவிட மிக அதிகம். அதில் தலைக்குப் பெரிய பங்கு. சூடு வெளியேற அவனுக்கு அத்தனை வழிகள். நமக்குக் குளிரெடுத்தால் உடம்பு நடுங்கும், அந்த நடுக்கத்திலேயே சூடு பிறக்கும். சின்னக் குழந்தைக்கு அப்படி நடுங்க வராது. அதற்குப் பதிலாக, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலும் கழுத்தையும் சிறுநீரகங்களையும் சுற்றியும் பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று இருக்கிறது. குளிரும்போது அதை எரித்துத்தான் குழந்தை தன்னைச் சூடாக வைத்துக்கொள்கிறது. அதற்கு உடம்பிலுள்ள சர்க்கரையும் பிராணவாயுவும் செலவாகும். அதனால் குளிரில் போகும்போது பால் கொடுக்கிற இடைவெளியைக் குறையுங்கள். தூங்குகிறானே, எழுப்புவானேன் என்று நாலு மணி நேரம் தள்ளிப்போடாதீர்கள்.

போட்ட துணி போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முக்கால்வாசிப் பேர் குழந்தையின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அது சில்லென்று இருந்ததும் பயந்துபோய் இன்னொரு ஸ்வெட்டரை மாட்டுகிறார்கள். முதல் சில மாதங்களில் கைகால்களுக்கு ரத்த ஓட்டம் கொஞ்சம் மந்தம்தான். அவை சில்லென்று இருப்பதும், பிறந்த புதிதில் லேசாக நீலம் பாய்ந்திருப்பதும் இயல்பு. நீங்கள் பார்க்க வேண்டிய இடம் பிடரி, இல்லையென்றால் நெஞ்சு. முதலில் உங்கள் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். இரண்டு விரலைச் சட்டைக் காலருக்குள் விட்டுப் பிடரியைத் தொடுங்கள். வெதுவெதுப்பாகவும் உலர்ந்தும் இருந்தால் நிம்மதியாக இருங்கள். பிசுபிசுவென்று வேர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். சில்லென்று இருந்தால் ஒன்றைச் சேருங்கள். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை, பெட்டி மாறும்போது, வண்டியில் ஏறி இறங்கும்போது, கை தானாக அங்கே போக வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அக்குளில் வைத்துப் பார்த்தால் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ்வரை சரியான அளவு.

ஈரத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதனால் நனைந்த நாலு சட்டையைவிட உலர்ந்த இரண்டு சட்டை மேல். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன், நர்ஸிங் மாணவிகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் உறைத்தது என் மகளிடம்தான்.

அப்போது அவளுக்கு ஐந்து மாதம். நல்ல மழையில் பேருந்துக்காகக் காத்திருந்தோம். அவள் என் தோளில், மேலே கம்பளிப் போர்வை, ஒரு கையில் குடை. அவள் தலையில் ஒரு சொட்டுகூட விழாமல் பார்த்துக்கொண்டேன். போர்வையின் ஒரு முனை என் முதுகுப் பக்கம் குடைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. குடையிலிருந்து வடிந்த தண்ணீர் முழுக்க அந்த முனையில் இறங்கி, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மெல்ல மெல்ல உள்ளே ஏறியிருக்கிறது. பேருந்தில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் கழித்துப் பால் கொடுக்க எடுத்தேன். இடுப்புவரை ஈரம். வயிற்றில் கை வைத்தால் சில்லென்று இருந்தது. அவள் அழவே இல்லை. அந்த அமைதியைத் தூக்கம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நாற்பது நிமிடத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது. பிறகு என்ன செய்தேன் என்பதைக் கீழே இன்னொரு கடிதத்துக்கான பதிலில் எழுதியிருக்கிறேன்.

அதனால் சொல்கிறேன், மழைத் தண்ணீர் தலை வழியாக மட்டும் வருவதில்லை. தொங்குகிற முனை, கால்சட்டையின் ஓரம், சாக்ஸ், உங்கள் சொந்தச் சட்டையின் கை, இவை வழியாகத்தான் கமுக்கமாக உள்ளே வரும். போர்வையைத் தொங்கவிடாமல் நன்றாகச் செருகிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற அடுக்கு தண்ணீர் உள்ளே விடாததாக இருக்கட்டும். நடுவில் போடுவது கம்பளி நூலாக இருந்தால் நல்லது. பருத்தி நனைந்தால் கனத்து, தோலோடு ஒட்டிச் சூட்டையெல்லாம் இழுத்துவிடும். கம்பளியோ ஈரம் பட்டாலும் ஓரளவு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். உடம்போடு ஒட்டிய முதல் அடுக்கு மெல்லிய பருத்தியே போதும், ஆனால் அதை அடிக்கடி மாற்றத் தயாராக இருங்கள். மழையே இல்லாவிட்டாலும் நாலு மாதத்துப் பிள்ளை எச்சில் ஒழுக்கியே நெஞ்சை நனைத்துக்கொள்ளும். கசிகிற டயப்பரும் ஈரம்தான்.

ரயிலுக்குள் ஏறியதும் முதல் வேலை, குல்லாவையும் மேல் அடுக்கையும் கழற்றுவது. பெட்டிக்குள் கதகதப்பாக இருக்கும்போது குல்லாவோடு தூங்கவிடாதீர்கள். சூடு அதிகமானால் குழந்தை அதைப் பெரும்பாலும் தலை வழியாகத்தான் வெளியேற்றும், அதை மூடிவிட்டால் தவித்துப்போகும். டூட்டியில் ஒரு குளிர்கால ராத்திரி, காய்ச்சல் என்று ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. நாங்கள் ஒவ்வொன்றாகக் கழற்றினோம். இரண்டு ஸ்வெட்டர், ஒரு சால்வை, ஒரு கம்பளி, அடியில் முழுக்க வேர்த்துப்போன பனியன். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. அரை மணி நேரத்தில் உடம்புச் சூடு சரியான அளவுக்கு வந்துவிட்டது. அந்தத் தாயைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் செய்த எல்லாமே பாசத்தால் செய்தது. பிடரியில் கை வைத்துப் பார் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

*

எங்கள் மகளுக்கு எட்டு மாதம். காரில் குழந்தைகளுக்கான தனி சீட் வாங்கியிருக்கிறோம். குளிருக்குப் பஞ்சு வைத்த தடிமனான ஜாக்கெட் போட்டு உட்கார வைத்தால் பெல்ட் போட முடியவில்லை. பெல்ட்டைத் தளர்த்திக்கொள்ளலாமா?

வேண்டாம் தம்பி. ஜாக்கெட்டைக் கழற்றிவிடுங்கள். இதில் நான் எந்தச் சமாதானத்துக்கும் வர மாட்டேன். பஞ்சு ஜாக்கெட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் காற்று. வண்டி எதிலாவது மோதினால் அந்தப் பஞ்சு ஒரே நொடியில் அமுங்கிவிடும். இறுக்கமாக இருந்த பெல்ட்டுக்கும் குழந்தைக்கும் நடுவில் திடீரென்று இடைவெளி உண்டாகும், அதன் வழியாகப் பிள்ளை வெளியே வீசப்படலாம். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஜாக்கெட்டோடு உட்கார வைத்துப் பெல்ட்டை இறுக்குங்கள். பெல்ட்டின் நீளத்தை மாற்றாமல் குழந்தையை வெளியே எடுங்கள். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு மறுபடி அதே பெல்ட்டை மாட்டுங்கள். எவ்வளவு தொளதொளவென்று இருக்கிறது என்று உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள்.

மெல்லிய உடுப்பு இரண்டு மூன்று அடுக்கு போட்டு, பெல்ட்டை மாட்டுங்கள். தோள் பக்கம் பெல்ட்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு கையில் வரக்கூடாது. பிறகு பெல்ட்டுக்கு மேலே போர்வையைப் போர்த்துங்கள், முகம் வெளியே இருக்கட்டும். வண்டி சூடானதும் போர்வையை எடுத்துவிடலாம், குழந்தையை எழுப்ப வேண்டிய தேவையே இருக்காது. முடிந்தால் கிளம்பப் பத்து நிமிடம் முன்பே வண்டிக்குள் ஹீட்டரைப் போட்டுவிடுங்கள், ஆனால் மூடிய ஷெட்டுக்குள் ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எட்டு மாதம் என்பதால் இன்னொன்று. சீட் வண்டியின் பின்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். ஐ.நா.வின் ஆர்129 என்ற விதியின்படி வந்த சீட்டுகளில் குறைந்தது 15 மாதம்வரை அப்படித்தான் வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் சீட்டின் அளவு இடம் கொடுக்கிறவரை அப்படியே விடுவது நல்லது. நீண்ட தூரமானால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, குழந்தையைச் சீட்டிலிருந்து எடுத்து நிமிர்த்துங்கள். உட்கார்ந்தபடியே தூங்கும்போது தலை முன்னால் சாய்ந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுப் பாதை மடங்கிவிடும்.

*

தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் ரெயின் கவர் போட்டால் உள்ளே ஆவி படிகிறது. மூச்சு முட்டாதா? வண்டி நல்லதா, உடம்போடு கட்டிக்கொள்கிற கேரியர் நல்லதா?

அந்த வண்டிக்கென்றே வருகிற, பக்கத்தில் காற்றுத் துளை உள்ள கவராக இருந்தால் மழையில் பயமில்லாமல் போடலாம். கூரைக்குள் நுழைந்த உடனே எடுத்துவிடுங்கள், ஐந்து நிமிடம்தானே என்று விடாதீர்கள். வெளியில் குளிராக இருந்தாலும் உள்ளே சீக்கிரம் சூடேறிவிடும். கவருக்குப் பதிலாகப் போர்வையையோ துண்டையோ வண்டியின் வாய்மேல் போட்டு மூடுவது கூடவே கூடாது.

குளிரில் எனக்குக் கேரியர்தான் பிடிக்கும். உங்கள் உடம்புச் சூடே குழந்தைக்குக் கிடைக்கும், மூச்சு உங்கள் காதில் கேட்கும். உங்கள் உடம்பே ஒரு போர்வை என்பதால் உள்ளே இருக்கிற குழந்தைக்கு வெளிக் கோட்டு போடாதீர்கள், இருவரையும் சேர்த்து உங்கள் கோட்டால் மூடிக்கொள்ளுங்கள். குனிந்தால் உச்சியில் முத்தம் வைக்கிற உயரத்தில் குழந்தை இருக்க வேண்டும். முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி வேண்டும். கால்தான் வெளியே தொங்கும், கால்சட்டை மேலேறிக் கெண்டைக்கால் தெரியும், அங்கே மழை படும். முழங்கால்வரை வருகிற சாக்ஸ் போடுங்கள். வழுக்கும் இடத்தில் நடக்கும்போது ஒரு கையாவது காலியாக இருக்கட்டும்.

*

என் மகளும் பேரனும் அடுத்த வாரம் மழையில் பயணம் செய்து என்னிடம் வருகிறார்கள். மழைக்காற்று பட்டாலே சளி பிடிக்கும் என்றுதான் நாங்கள் கேட்டு வளர்ந்தோம். அவளோ, சளிக்கும் மழைக்கும் சம்பந்தமே இல்லை என்கிறாள். யார் சொல்வது சரி?

அம்மா, சளியைக் கொடுப்பது வைரஸ். அது இன்னொரு மனிதரின் மூக்கிலிருந்தும் கையிலிருந்தும் வருகிறது. வைரஸ் இல்லாத இடத்தில் எத்தனை மழை பெய்தாலும் சளி வராது. இதில் உங்கள் மகள் சொல்வது சரி. ஆனால் ‘சம்பந்தமே இல்லை’ என்று நான் சொல்ல மாட்டேன். சாதாரணச் சளியை அதிகம் உண்டாக்குகிற ரைனோ வைரஸ் உடம்பின் உள்சூட்டைவிட, மூக்கின் குளிர்ந்த சூட்டில் நன்றாகப் பெருகும். அதோடு குளிர், மழை என்றால் எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் நெருக்கியடித்து உட்காருகிறோம். பயணத்தில் ஆபத்து வருவது மழைக்காற்றிலிருந்து அல்ல, பக்கத்து இருக்கையில் தும்முகிறவரிடமிருந்து.

ஆர்.எஸ்.வி. என்று ஒரு வைரஸ் இருக்கிறது. இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஒருமுறையாவது வந்துவிடும். நமக்கு வந்தால் மூக்கு ஒழுகுவதோடு போய்விடும். ஆறு மாதத்துக்கும் குறைந்த பிள்ளைக்கு வந்தால் நுரையீரலின் மெல்லிய குழாய்கள் வீங்கி மூச்சுத் திணறல்வரை போகலாம். குளிர்காலம் முழுக்க எங்கள் வார்டில் கட்டில் கிடைக்காமல் போகும், அதில் பாதிக்கு இந்த மாதிரி நோய்தான் காரணமாக இருக்கும். குழந்தை வந்து இறங்கியதும் கொஞ்ச ஆசைப்படுவீர்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தொடுங்கள். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ மூக்கு ஒழுகினால் முகத்தருகே போகாதீர்கள், முத்தம் வேண்டாம். பேரனுக்கு ஆறு மாதம் ஆகியிருந்தால் ஃப்ளூ தடுப்பூசி போடலாமா என்று பயணத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

அப்படியும் மூக்கடைத்தால், பால் குடிக்கச் சிரமப்படும். சின்னக் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். மருந்துக்கடையில் கிடைக்கிற உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பால் கொடுப்பதற்கு முன் விடச் சொல்லுங்கள். சூடம் சேர்ந்த தைலங்களை இரண்டு வயதுக்குள் தடவ வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது, போட்டுலிசம் என்கிற நச்சு நோய் வரக்கூடும். கடையில் நீங்களாக வாங்கும் இருமல் மருந்தும் வேண்டாம்.

*

குழந்தைக்குப் பால் பவுடர்தான். ராத்திரி முழுக்கப் பயணம். கிளம்பும்போதே நாலு பாட்டில் கலக்கி எடுத்துக்கொள்ளலாமா? குளிர்காலம்தானே, கெடாது?

கெடும். வெளியில் குளிராக இருந்தாலும் உங்கள் பைக்குள் வெதுவெதுப்புத்தான், கிருமி வளர அது போதும். பால் பவுடர் கிருமியே இல்லாத பொருள் அல்ல. அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கலக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கொதிக்கவைத்த தண்ணீரை நல்ல பிளாஸ்கில் நிரப்பிக்கொள்ளுங்கள். பவுடரை ஒவ்வொரு வேளைக்கும் அளந்து உலர்ந்த சின்ன டப்பாக்களில் தனித்தனியாக வையுங்கள். பசிக்கும்போது கலக்கி, பாட்டிலைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கலக்கி இரண்டு மணி நேரம் ஆனதைக் கொட்டிவிடுங்கள். ராத்திரியின் பின்பாதியில் பிளாஸ்க் ஆறிப்போயிருக்கும் என்று தோன்றினால், கலக்கத் தேவையில்லாமல் அப்படியே கொடுக்கக்கூடிய, கிருமி நீக்கிய திரவப் பால் இரண்டு பெட்டி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மைக்ரோவேவில் சூடாக்கினால் ஒரு பக்கம் ஆறியும் ஒரு பக்கம் கொதித்தும் இருக்கும், நாக்கு வெந்துவிடும்.

*

போய்த் தங்குகிற அறை மிகவும் குளிராக இருக்கும் என்கிறார்கள். குழந்தைக்கு ஐந்து மாதம். கரி அடுப்பு மூட்டித் தருகிறோம் என்கிறார்கள். வெந்நீர்ப் பையும் எடுத்துக்கொண்டு போகிறோம். வேறு என்ன வேண்டும்?

கரி அடுப்பு வேண்டாம். பதிலை இந்த மூன்று வார்த்தையோடு நிறுத்தினாலும் எனக்குப் போதும். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். பெரியவர்களைவிடக் குழந்தை வேகமாக மூச்சு விடுவதால் அதன் உடம்பில் சீக்கிரம் ஏறும். மூடிய ஷெட்டில் காரை ஓடவிடக்கூடாது என்று மேலே சொன்னதும் இதற்காகத்தான். அறையைச் சூடாக்க வேண்டுமென்றால் மின்சார ஹீட்டர் கேளுங்கள். அதையும் படுக்கைக்கும் திரைச்சீலைக்கும் தள்ளி வையுங்கள்.

வெந்நீர்ப் பை படுக்கையைச் சூடாக்க மட்டும். குழந்தையைக் கிடத்துவதற்கு முன் எடுத்துவிட்டு, விரிப்பு அதிகம் சூடாக இல்லையே என்று கையால் தடவிப் பாருங்கள். பக்கத்தில் வைத்துத் தூங்கவிட்டதால் தோல் வெந்து வந்த குழந்தைகளுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன்.

அறை 16 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் போதும், அதற்கு மேல் சூடு தேவையில்லை. குல்லா இல்லாமல், கழுத்தும் கையும் சரியாகப் பொருந்துகிற ஸ்லீப்பிங் பேக் போட்டு, மல்லாக்கப் படுக்க வையுங்கள். விரிப்பு உறுதியாக, தட்டையாக இருக்கட்டும். தளர்ந்த போர்வை, தலையணை எதுவும் பக்கத்தில் வேண்டாம். புது இடம், குளிர், களைப்பு எல்லாம் சேர்ந்தால் குழந்தையை அணைத்துக்கொண்டு ஒரே கம்பளிக்குள் தூங்கத் தோன்றும், எனக்குப் புரிகிறது. ஆனால் கம்பளி முகத்தில் ஏறினால் அதைத் தள்ளிவிட அந்தக் கைக்கு வலுவில்லை. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி அமெரிக்காவில் 1994-இல் பெரிய அளவில் பிரசாரம் தொடங்கினார்கள். தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேர்கிற மரணங்கள் அங்கே அடுத்த பத்தாண்டுக்குள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஊர் மாறினாலும் படுக்க வைக்கிற முறையை மாற்றாதீர்கள்.

*

போன மாதம் பயணத்தில் வண்டி பழுதாகி, இரண்டு மாதக் குழந்தையோடு மழையில் நனைந்துவிட்டோம். நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நேரத்தில் என்ன செய்வதென்றே தெரியாமல் நானும் அழுதுகொண்டு நின்றேன். என்ன செய்திருக்க வேண்டும்?

நீங்கள் அழுததில் தவறே இல்லை மகளே. நானும் அன்றைக்குப் பேருந்தில் அழுதுகொண்டேதான் செய்தேன்.

நனைந்த துணியை முழுவதும் கழற்றினேன். ஈரத்துக்கு மேல் போர்த்தினால் ஈரத்தைத்தான் போர்த்துகிறோம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தேன், தலைமுடியையும் கால்விரல் இடுக்கையும்கூட. உலர்ந்த டயப்பரும் குல்லாவும் மட்டும் போட்டு, என் சட்டைப் பொத்தானைத் திறந்து, அவள் வெறும் மார்பு என் வெறும் மார்பில் படும்படி உள்ளே வைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தன் சால்வையைக் கழற்றி எங்கள் இருவரையும் சுற்றினார். அவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் அவள் அசைந்து பால் தேடினாள். ஒரு மணி நேரத்தில் வயிறு கதகதப்பாகிவிட்டது.

இது நான் கண்டுபிடித்ததல்ல. கொலம்பியாவில் பொகோட்டா நகரத்து மருத்துவமனை ஒன்றில் இன்குபேட்டர் போதாமல், ஒன்றில் இரண்டு மூன்று குழந்தைகளை வைக்க வேண்டிய நிலை இருந்தது. 1978-இல் டாக்டர் எட்கர் ரே, எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்பிலேயே தோலோடு தோல் ஒட்ட வைக்கச் சொன்னார். கங்காரு முறை என்று இன்று உலகம் முழுக்கச் செய்கிறார்கள். அப்பாவின் மார்பிலும் செய்யலாம். வெந்நீரில் குளிப்பாட்டுவதோ, ஹீட்டர் முன்னால் நேராகப் பிடிப்பதோ, கைகால்களை அழுத்தித் தேய்ப்பதோ வேண்டாம்.

அரை மணி, ஒரு மணி நேரத்தில் பிடரி சூடாகவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தை துவண்டு கிடக்கிறது, பால் இழுக்கவில்லை, அழுகை ஈனமாக இருக்கிறது என்றால் காத்திருக்காமல் போங்கள், வழியெல்லாம் மார்பிலேயே வைத்துக்கொண்டு. கன்னம் சிவந்திருக்கிறதே, நன்றாகத்தான் இருக்கிறான் என்று ஏமாந்துவிடாதீர்கள். மிகவும் குளிர்ந்துபோன பச்சைக் குழந்தைக்கு முகமும் கைகாலும் செக்கச்செவேலென்று இருக்கலாம். உதடும் நாக்கும் நீலமாகியிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். தூங்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60-ஓ அதற்கு மேலோ, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50-ஓ அதற்கு மேலோ இருந்தால் அது வேகமான மூச்சு, டாக்டர் பார்க்க வேண்டும். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி உள்ளே குழிந்தாலும் அப்படித்தான். மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி காய்ச்சல் வந்தால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல் அன்றைக்கே காட்டுங்கள்.

*

நாளை மறுநாள் கிளம்புகிறோம். பை நிரம்பி மூட முடியவில்லை. எதை எடுத்து வெளியே வைப்பது?

இரண்டாவது தடி ஜாக்கெட்டை. அதற்குப் பதிலாக மெல்லிய சட்டை, கால்சட்டை, சாக்ஸ், குல்லா, டயப்பர் இவற்றை ஒவ்வொரு செட்டாக மூன்று ஜிப் கவரில் போட்டு வையுங்கள். ஒரு கவர் பெரிய பெட்டிக்குள் போகாமல் உங்கள் தோள்பையிலேயே இருக்கட்டும். நனைந்ததைத் திணிக்கக் காலிக் கவர் இரண்டு. டயப்பர் மாற்றும்போது அடியில் விரிக்க ஒரு சின்ன மெத்தை விரிப்பு, குளிர்ந்த பலகையில் வெறும் முதுகு படக்கூடாது. தெர்மாமீட்டர், உப்புநீர்ச் சொட்டு, ஒரு பழைய மெல்லிய துண்டு.

இன்னும் இடம் இருந்தால் உங்களுக்கு ஒரு மாற்றுச் சட்டை வையுங்கள். இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். குழந்தை சாய்ந்திருக்கப்போவது உங்கள் தோளில், அது ஈரமாக இருக்கக்கூடாது.